வாசலில் ஊற்றிய வெந்நீர்

ஜெர்மனியிலேயே மிகவும் வெப்பமான மூலைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லித்தான் என் கணவர் என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண் பார்க்க வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டார். மற்ற மாப்பிள்ளைகள் சம்பளம், சொந்த வீடு, ஸ்கூட்டர் என்று ஆரம்பிப்பார்கள். இவர் தட்பவெப்பம் சொன்னார். ரைன் நதிப் பள்ளத்தாக்கு, பின்னால் மலை, குளிர்காற்று நுழைய வழியே இல்லை, அங்கே அத்திமரம் காய்க்கும், மார்ச்சில் பாதாம் மரம் பூக்கும், ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டம் என்று அடுக்கிக்கொண்டே போனார். என் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஊட்டி மாதிரின்னு வெச்சுக்கலாமா?" என்றார். "ஊட்டியைவிட பெட்டர் சார்" என்றார் இவர். இப்படித்தான் எழுபதுகளின் பிற்பகுதியில் மயிலாப்பூர் பெண் ஒருத்தி ஏமாந்தாள்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஊர்க்காரர்களும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். ரொட்டிக் கடைக்குப் போனால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இங்கே சிரமமே இருக்காது, நாங்களும் வெயில் நாட்டுக்காரர்கள்தான்" என்பார். பனி என்பது வடக்கே இருப்பவர்களுக்கு மட்டும் வரும் ஏதோ வியாதி என்பது போலப் பேசுவார்கள். இவர்கூட, பிராங்பேர்ட்டில் இருக்கும் நம் ஆட்களை நினைத்து அவ்வப்போது பரிதாபப்படுவார்.

இவர் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தலைப்பு, தண்ணீர் உறைவது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை வைத்துக் குளிரூட்டி, அது எந்த நொடியில் ஐஸ் ஆகிறது என்று மூன்று வருடமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். நானும் மறக்கவில்லை, அவரையும் இன்றுவரை மறக்க விடவில்லை.

நான் வந்து இறங்கியது அக்டோபர் ஆரம்பத்தில். இவர் இருந்த மாணவர் விடுதியில் மனைவிக்கு இடம் கிடையாது. விருந்தினர் அறையில் ஒரு மாதம் தங்கலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது. வீடு தேடினோம். தொலைபேசியில் காலியாக இருக்கும் வீடு, நாங்கள் போய் வாசலில் நிற்பதற்குள் நிரம்பிவிடும். ஒரு அம்மாள் கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும், கால் மணி நேரம் முன்புதான் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். நாங்கள் தெருமுனையிலிருந்து அவருக்கு போன் செய்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. இன்னொருவர் எங்கள் சமையல் வாசனை தாங்காது என்றார். நாங்கள் அவர் வீட்டில் ஒரு அப்பளம்கூடப் பொரிக்கவில்லை.

வீடு கிடைக்காவிட்டால் என்ன, விடுதி வாசலில் படுத்துக்கொள்கிறோம் என்று சொல்லவும் வழியில்லை. என் விசா பிப்ரவரி நடுவில் முடிவதாக இருந்தது. நீட்டிக்க வேண்டுமானால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்றால் மனைவி ஊருக்குத் திரும்பலாம், கணவர் தாராளமாகத் தண்ணீர் உறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த அலுவலகத்தில் இருந்தவர் இதை ரொம்ப மரியாதையாகவே சொன்னார்.

கடைசியில் ஒரு வீட்டுக்காரம்மா சரி என்றார். எழுபதைத் தாண்டியவர், தனியாக இருந்தார், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். முதுகு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருக்கும். கீழ்த்தளத்தில் அவர், மாடியில் இரண்டு அறையும் சமையலறையும் எங்களுக்கு. ஆனால் ஒப்பந்தம் உடனே எழுத மாட்டாராம். "ஜனவரி முடியட்டும். அதுவரை பார்க்கலாம். பிறகு ஒப்பந்தம்" என்றார். என்ன பார்க்கலாம் என்று சொல்லவில்லை. எங்களைத்தான், வேறு என்ன?

குடியேறிய அன்றே வீட்டு விதிமுறைகளை மூன்று பக்கம் டைப் அடித்துக் கொடுத்தார். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் குளிக்கக் கூடாது. ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நாங்கள், மாற்றி மாற்றிப் படிக்கட்டும் வாசலும் பெருக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவுப் பிடியில் ஒரு மரப்பலகை தொங்கும். அதே முறைக்காரர், பனி பெய்தால் காலை ஏழு மணிக்குள் வாசல்படியையும் நடைபாதையையும் சுத்தம் செய்துவிட வேண்டும், யாராவது வழுக்கி விழுந்தால் அவர்தான் பொறுப்பு. இதைப் படித்து நான் முகம் வெளுத்ததைப் பார்த்து அவரே, "அது எழுத்தில் இருப்பது. இங்கே பனி எங்கே பெய்கிறது?" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பேய்களாக வாழ ஆரம்பித்தோம். வீட்டுக்குள் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, ஒன்றின் மேல் ஒன்று. நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைப்போம். எதிர்த் தேவாலயத்தில் மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் பிரஷர் குக்கர் விசில் வரும்படி அடுப்பைப் பற்றவைப்பேன். இதில் நான் எவ்வளவு கைதேர்ந்தேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை பெரிய மணி அடிக்கும்போது மூன்று விசிலும் அதற்குள் அடங்கிவிடும். சண்டையைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் போட்டோம். கிசுகிசுத்துச் சண்டை போட்டால் பாதியிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது. அப்படி வீணாய்ப் போன நல்ல சண்டைகள் பல.

ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் வெயில் அடித்தது. ஸ்வெட்டர்கூட வேண்டியிருக்கவில்லை. பின்தோட்டத்துக் கொடியில் துணி காயப்போட்டேன். சாயங்காலம் மழை பிடித்தது, கூடவே காற்று. துணியை எடுக்கப் போன நான் வாசல்வரை போய்விட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். அந்தக் காற்று சாதாரணக் காற்று இல்லை. வடக்கேயிருந்து வந்தது. சில மணி நேரத்தில் வெயில் நாட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது.

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜன்னலைப் பார்த்தால் தெருவைக் காணவில்லை. எதிர் வீட்டுக் காரும் இல்லை, காரின் இடத்தில் ஒரு வெள்ளை மேடு. மழை ஐஸாகி, அதன்மேல் பனி முழங்கால் வரை பெய்து, இன்னும் பெய்துகொண்டிருந்தது. வானொலியில் பஸ் இல்லை, ரயில் இல்லை, பல இடங்களில் மின்கம்பி அறுந்துவிட்டது, யாரும் வெளியே வர வேண்டாம் என்றார்கள். செய்தி வாசித்தவரே மூச்சு வாங்கினார். நடந்து வந்திருப்பார் போல. தோட்டத்தில் என் உள்பாவாடை கொடியில் விறைத்து, யாரோ இடுப்பில் கைவைத்து நிற்பது போல நின்றது.

இவர் மாடிக் கதவைத் திறந்தார். எங்கள் கதவுப் பிடியில் மரப்பலகை தொங்கியது.

"நம்ம வாரம்" என்றார்.

ஏழு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஜனவரி முடிய இரண்டு வாரம். நிலவறையில் பனி அள்ளும் மண்வாரி இருக்கும் என்று இவர் இறங்கிப் போனார். வெயில் நாட்டில் மண்வாரி எதற்கு? கணப்புக்குக் கரி போடும் கையளவுக் கரண்டி ஒன்றும் ஒரு துடைப்பமும்தான் கிடைத்தன. வாசலில் ஐந்து கல்படி, அதற்குக் கீழே நடைபாதை. அந்தக் கரண்டியால் பாயசம் அள்ளுவது போல அள்ளினோம். கால் மணி நேரத்தில் ஒரு படியின் பாதி தெரிந்தது. விரல்கள் இருக்கின்றனவா என்று அடிக்கடி எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்னுடையதுதான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பாவாடை சட்டை போட்ட நாளிலிருந்து விடிகாலையில் வாசல் தெளித்தவள் நான். வாசலில் எது கிடந்தாலும் அதற்கு ஒரு வாளித் தண்ணீர்தான் வழி என்று என் கை எப்போதோ தீர்மானித்து வைத்திருந்தது.

"ஏங்க, வெந்நீர ஊத்திரலாமா?" என்றேன்.

அங்கே நின்றது ஒரு எழுத்தரோ, தபால்காரரோ, வேறு யாராவதோ என்றால் நான் கேட்டதோடு போயிருக்கும். நின்றது தண்ணீர் உறைவதில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவர். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. கோட்டுப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"ஐஸ் ஆயிடாதுல்ல?" என்றேன், ஒரு பேச்சுக்கு.

"ஆகாது. ஸ்லோப் இருக்கு பார். தண்ணி படியில எறங்கி, ஸ்ட்ரெய்ட்டா சாக்கடைக்குப் போயிடும். ஃப்ரீஸ் ஆகறதுக்கு டைம் வேணும்ல? அதுக்குள்ள டிரெயின் ஆயிடும்."

"எவ்ளோ தண்ணி வேணும்?"

கையுறையைக் கழற்றிவிட்டு, பனியில் நின்றபடி கணக்குப் போட்டார். கணக்குப் போடும்போது இவர் முகம் எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா? அதைப் பார்த்துத்தான் நானும் கவிழ்ந்தேன். "சிக்ஸ்டி லிட்டர். கொதிக்கணும். ஸேஃப்டிக்கு எயிட்டி வெச்சுக்கோ" என்றார்.

அடுப்பில் நான்கு பர்னர். இட்லிப் பானை, குக்கர், சாம்பார் வைக்கும் குண்டான், பால் காய்ச்சும் பாத்திரம், எல்லாவற்றிலும் தண்ணீர். இரண்டரை மாதம் பூனை போல நடந்த படிக்கட்டில் இவரும் நானும் மாற்றி மாற்றி ஓடினோம். குண்டான் சுவரில் மோதியது. குக்கர் மூடி கைதவறி விழுந்து, படி படியாகக் குதித்துக் கீழே போய்ச் சுழன்று, ரொம்ப நேரம் கழித்து ஓய்ந்தது. கைப்பிடி சுட்டு நான் "ஐயோ!" என்று கத்தினேன். அதற்கு இவர், "ஷ்ஷ்!" என்று என்னைவிடச் சத்தமாக அடக்கினார். வீட்டுக்காரம்மாவின் கதவு திறக்கவில்லை. நல்லவேளை, வயதானவர், காது கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

வெந்நீரை ஊற்ற ஊற்ற பனி பொசுபொசுவென்று உள்ளே அமுங்கியது. ஆவி எழும்பித் தெருவை மறைத்தது. ஆவி விலகியபோது படிகள் அலம்பிவிட்டது போலக் கருங்கல்லாக மின்னின. ஐந்து படியும், நடைபாதையும். அந்தத் தெருவிலேயே எங்கள் வாசல் மட்டும்தான் பனி இல்லாமல் இருந்தது. கோலமாவு கையில் இருந்திருந்தால் நான்கு புள்ளி வைத்து ஒரு கோலமும் போட்டிருப்பேன். மணி ஆறரை. இவர் என் தோளைத் தட்டினார். மாடிக்கு ஏறி, ஊரிலிருந்து கொண்டுவந்த காபிப்பொடியில் கடைசிக் கரண்டியைப் போட்டு, டிகாக்‌ஷன் இறக்கி, வெற்றிக் காபி குடித்தோம்.

இவருடைய கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. சாக்கடையின் கம்பிமூடி பனிக்கு அடியில் புதைந்திருந்ததுதான் கணக்கில் வரவில்லை. தண்ணீர் இறங்கிப் போய்ப் பார்த்தது. வழியில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

ஏழு அடித்ததும் கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா பார்வையிட வருகிறார் என்று நாங்கள் பெருமையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம், பெரிய மூட்டையை யாரோ இறக்கியது போல ஒரு சத்தம்.

ஓடினோம். வீட்டுக்காரம்மா நடைபாதையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். இவர் பதறி முதல் படியில் காலை வைத்தார். மீதி நான்கு படிகளையும் கால் இல்லாமலே கடந்து, நேராகப் போய் அவர் பக்கத்தில் அவரைப் போலவே உட்கார்ந்தார். மூன்று வருட ஆராய்ச்சியில் தண்ணீர் உறைவதை இவ்வளவு கிட்டத்தில் இவர் பார்த்ததில்லை.

"காலை வணக்கம்" என்றார் வீட்டுக்காரம்மா, பழக்கதோஷத்தில்.

"காலை வணக்கம்" என்றார் இவரும்.

நான் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அந்த அம்மாவின் மணிக்கட்டு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது நான் ஊற்றிய தண்ணீர். இவர் எழுந்திருக்க முயன்று வழுக்கிக்கொண்டே, தமிழில், முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு சொன்னார்: "வாயத் திறக்காத. ஊர் பூரா ஐஸ்தான். யாருக்குத் தெரியப் போகுது? வீடு போச்சுன்னா நீ ப்ளேன் ஏற வேண்டியதுதான்."

நான் வாயைத் திறக்கவில்லை.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தால், உயிர் போகிற கேஸ் இல்லையென்றால் நீங்களே வந்துவிடுங்கள், எங்கள் வண்டியே சாலையில் குறுக்கே நிற்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரி அதே சாலையில், இறக்கத்தில், அரை கிலோமீட்டர். நடக்க முடியாது, தூக்க முடியாது. நிலவறையில் துணி ஊறவைக்கும் பெரிய தகரத் தொட்டி இருந்தது. அதில் இரண்டு தலையணை போட்டோம். இழுக்கக் கயிறு வேண்டும். பெட்டியைத் திறந்து என் சுங்குடிப் புடவையை எடுத்து, தொட்டியின் கைப்பிடியில் முடிந்தேன். ஐந்தரை கெஜம், மதுரை நூல், அறுகிற சமாச்சாரமே இல்லை.

நான் முன்னால் இழுக்க, இவர் பின்னால் தொட்டி ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள, வீட்டுக்காரம்மா நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் கைப்பையோடு, கிளம்பினோம். இறக்கத்தில் தொட்டிக்கு வேகம் வந்துவிட்டது. இரண்டு தடவை என்னை முந்திக்கொண்டு போயிற்று. ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. எங்களுக்கு வீடு இல்லை என்று சொன்ன ஒரு அம்மாளும் அதே தெருதான். திரைக்குப் பின்னால் அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து, அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்காரம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் இடது கையால் வணக்கம் சொன்னார். எதிரே வண்டியே வராத சாலையில், "வலது பக்கமாகப் போங்கள், இது சாலை" என்று எனக்கு உத்தரவும் போட்டார்.

ஆஸ்பத்திரி நடையில் ஊரே உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் மணிக்கட்டு, கணுக்கால், இடுப்பு. ரொட்டிக் கடைக்காரர் இரண்டு முழங்கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் நாட்டுக்காரர். பொய் சொல்ல இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஒரு எழுத்தர் பெண் மேஜையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்ததும், எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டாள்.

"என் வீட்டு வாசலில்" என்றார் வீட்டுக்காரம்மா.

அந்தப் பெண் பேனாவைத் தூக்கினாள். "இந்த வாரம் யார் முறை?"

எலும்பு உடைந்து உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் அந்த நாட்டில் கேட்கும் இரண்டாவது கேள்வி அது. வீட்டுக்காரம்மா சுவரைப் பார்த்தார். இவர் என் கையை அழுத்தினார். நான் அந்த மணிக்கட்டைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இப்படி ஒளித்து வாங்கும் வீட்டில் நான் எப்படிக் குக்கர் வைப்பேன், எப்படிப் படுப்பேன்? மெட்ராஸில் ஆறு மாதம் மாலை வகுப்பில் படித்த ஜெர்மனைத் திரட்டிக்கொண்டு சொன்னேன்: "எங்கள் முறை. நான் வெந்நீர் ஊற்றினேன்."

"என்ன ஊற்றினீர்கள்?"

"வெந்நீர். எண்பது லிட்டர்."

நடையில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது. அந்தப் பெண் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்தாள். என் காது சுட்டது. முடிந்தது கதை, ப்ளேன்தான் என்று நினைத்தேன். வீட்டுக்காரம்மா கைப்பையைச் சரி செய்துகொண்டு, "தெரியும். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றார்.

"பார்த்துக்கொண்டிருந்தீர்களா? ஏன் தடுக்கவில்லை?" என்றாள் அந்தப் பெண்.

வீட்டுக்காரம்மா தன் நல்ல கையால் என் கணவரைக் காட்டினார். "இவர் தண்ணீர் உறைவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். நான் வெறும் கணக்கு டீச்சர். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்."

நடை முழுவதும் சிரித்தது. ரொட்டிக் கடைக்காரர் சிரித்துவிட்டு வலி தாங்காமல் முனகினார். இவர் முகத்தை நான் இன்றைக்கும் வர்ணிக்க மாட்டேன். கட்டிய கணவர், கொஞ்சம் மானம் மிச்சம் வைக்க வேண்டும்.

மாவுக்கட்டுப் போட்டு, தொட்டியில் வைத்தே வீட்டுக்கு மேட்டில் இழுத்து வந்தோம். வீட்டுக்காரம்மா அடுத்த இரண்டு வாரமும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒற்றைக் கையால் அவருக்கு ஒன்றும் செய்துகொள்ள ஏலவில்லை. காலையில் நான் கீழே போய்ப் பொத்தான் போட்டுவிடுவேன், தலை வாரிவிடுவேன், சாப்பாடு கொண்டுபோவேன். ரசத்தைக் குடித்துவிட்டு இருமுவார், மறுநாள் அதுவே வேண்டும் என்பார். சாதம் குழைந்துவிட்டது என்பார். வாரும்போது இழுக்கிறாய் என்பார். ஒப்பந்தம் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார். சூட்கேஸ் எங்கே என்று இவரை நான் கேட்டேன். கேட்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டேன், ஆனால் இவர் குளியலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் மறுபடி இரண்டு ஜோடிக் காலுறைக்குத் திரும்பியிருந்தோம். அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன், பிப்ரவரியில் வந்தாலும் வருவேன் என்று. தபாலில் போடவில்லை.

ஜனவரி கடைசி நாள் காலையில், அவருக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை. "இன்றோடு ஜனவரி முடிகிறது."

"அந்த மேஜையின் மேல் இழுப்பறையைத் திறங்கள்" என்றார்.

திறந்தேன். வாடகை ஒப்பந்தம். டைப் அடித்து, கீழே நல்ல வலது கைக் கையெழுத்து. தேதி நவம்பர் இரண்டாவது வாரம். நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு தேதியை மட்டும் மூன்றாவது தடவை படித்தேன்.

"நாங்கள் வந்த உடனேயே எழுதிவிட்டீர்களா?"

"ஆமாம்."

"பிறகு எதற்கு ஜனவரி வரை சோதனை?"

"சோதனை உங்களுக்கு இல்லை, எனக்கு" என்றார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மாடியில் என் தங்கை இருந்தாள். அவள் போன பிறகு நாலு வருடம் மேலே ஒரு சத்தமும் இல்லை. மறுபடி யாராவது அங்கே நடந்தால் என்னால் தாங்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். நீங்கள் நடக்கவே இல்லை. இரண்டரை மாதமாக மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இருக்கிறீர்களா இல்லையா என்றே தெரியவில்லை. அன்று காலைதான் முதன்முதலாகப் பாத்திரம் விழுந்தது. நீங்கள் கத்தினீர்கள். எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கதவைத் திறந்தால் சத்தத்தை நிறுத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்று மாதம் என் சொந்தக் குக்கரைத் தேவாலய மணிக்கு அடியில் ஒளித்து வைத்த கோபம். கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது, அது வேறு எரிச்சல். சீப்பை அவர் தலையிலேயே வைத்துக்கொண்டு நல்ல தமிழில் உரக்கச் சொன்னேன்: "அட பாவி அம்மா, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இத்தன நாளா எங்க வயித்துல புளியக் கரைச்சீங்களே!"

"என்ன?" என்றார்.

"ஒன்றுமில்லை. முடியில் சிக்கு" என்றேன்.

"இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள், பரவாயில்லை" என்று தலையைக் குனிந்து கொடுத்தார்.